வாயிற்காவல் வழங்கியில் நிரப்ப வேண்டிய கட்டங்கள்

(நீண்ட பதிவு. வலையமைப்புத் தொழில்நுட்பம் அறியாதவர்களும் வாசிக்கலாம். ஆறு மாதங்களுக்கு முன்புவரை எனக்கும் அது அந்நியத் துறைதான்.)

மொழியியலில் முதுகலை முடித்து, கிழக்கிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் குருக் மொழியை ஆய்ந்துவரும் ஒருவரின் கைக்கு வலையமைப்பு அணுகல் கட்டுப்பாட்டு வழங்கியின் நிர்வாகக் கடவுச்சொல் எப்படி வந்தது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். காரணம் எளியது. எங்கள் துறையின் ஒலியியல் ஆய்வகத்தில், களப்பணி ஒலிப்பதிவுகளைச் சேமித்துவைக்கும் வழங்கி ஒன்று இருக்கிறது. அதைக் கவனித்துவந்த மூத்த ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்நிலையில், வளாகத்தின் சுவர்த் துளைகள், வைஃபை அனைத்தையும் ஒரே வாயிற்காவலின்கீழ்க் கொண்டுவர கணினி மையம் முடிவுசெய்தது. முதல் சோதனைக்கு மூன்று மாடிகள் மட்டுமே கொண்ட எங்கள் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது. துறைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றார்கள். ‘வழங்கி’ என்ற சொல் என் பெயரோடு ஏற்கெனவே ஒட்டியிருந்தமையால் நான் அனுப்பப்பட்டேன்.

அதுவரை எங்கள் கட்டடத்தில் எவரும் சுவரில் கேபிளைச் செருகினால் இணைப்பு கிடைத்துவிடும். இனி, செருகியவுடன் சுவர் “நீ யார்?” என்று கேட்கும். இந்த ஏற்பாட்டுக்கு 802.1எக்ஸ் என்று பெயர். 2001இல் வந்த தரநிலை. இதில் மூன்று பாத்திரங்கள். இணைய விரும்பும் மடிக்கணினியோ கைப்பேசியோ முதலாவது. அது செருகப்படும் ஸ்விட்ச் அல்லது அது காற்றில் தொடும் அக்சஸ் பாயிண்ட் இரண்டாவது. உள்ளே இருந்து முடிவெடுக்கும் வழங்கி மூன்றாவது. முதலாவதற்குத் தரநிலை இட்டிருக்கும் பெயர் ‘சப்ளிகண்ட்’. முழந்தாள் மடக்கி வேண்டுபவன் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் சொன்னால் இரவலன். ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சொல்லைக் கண்டபோது சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க இயலவில்லை. புறநானூற்றில் அதியமானின் வாயிற்காவலனிடம் ஔவையார் பேசும் பாட்டு நினைவுக்கு வந்தது. பரிசில் நீட்டிக்கப்பட்ட சினம் அரசன்மீதானது. சொல் சென்று விழுவதோ வாயிலோன்மீது. 802.1எக்ஸிலும் அதே நிலைதான். ஸ்விட்ச் எதையும் முடிவுசெய்வதில்லை. இரவலனின் சொல்லை உள்ளே கொண்டுசென்று, உள்ளிருந்து வரும் சொல்லுக்கேற்பக் கதவைத் திறக்கிறது அல்லது மூடியே வைக்கிறது. மாணவர்கள் திட்டுவது என்னவோ ஸ்விட்ச்சைத்தான்.

வாயிலோனும் வழங்கியும் தமக்குள் பேசும் மொழி ரேடியஸ். 1991இல் லிவிங்ஸ்டன் நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு நுழைபவர்களுக்காக அதை உருவாக்கியது. பெயரின் விரிவில் ‘டயல்-இன்’ என்ற சொல் இன்னமும் உள்ளது. டயல் செய்பவர்கள்தாம் இல்லை. வழக்கொழிந்த வேற்றுமை உருபு கூட்டுச்சொல்லில் மட்டும் உயிரோடிருப்பதைப் போன்றது இது. இம்மொழியின் சொற்கோவை மிகச் சிறியது. நுழைவு வேண்டுதல், ஏற்பு, மறுப்பு, இன்னொரு கேள்வி கேட்டல் ஆகிய நான்கே முதன்மையானவை. ஆஸ்டின் 1962இல் வெளிவந்த நூலில் சொல்லும் செயல்நிகழ்த்து வாக்கியங்களுக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ‘ஏற்கிறேன்’ என்ற செய்தி எதையும் விவரிப்பதில்லை. அது வந்த கணமே நீங்கள் ஏற்கப்பட்டவர். அத்தோடு, அந்தச் செய்திக்குள் ஓர் எண்ணும் வரும். நீங்கள் எந்த விலானில், அதாவது ஒரே கம்பிகளின்மீது தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட எந்த வலையில் அமரவேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். ஏற்பும் இருக்கை ஒதுக்கீடும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. பின்னர் நான் சொல்லப்போவது அந்த எண்ணைப் பற்றியது.

நாங்கள் பயன்படுத்தியது பாக்கெட்ஃபென்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். முதலில் வழங்கியின் சொந்த வலையமைப்பைச் சரிசெய்யவேண்டும். பிறருக்கெல்லாம் முகவரி வழங்கப்போகும் பொறி தனக்கான முகவரியை இன்னொருவரிடம் கேட்டுப்பெற முடியாது. ஆகவே நிலையான ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகியவற்றைக் கையால் எழுதவேண்டும். அடுத்து வழங்கியின் பெயர். இந்தப் பெயரைச் சான்றிதழிலும் எழுதப்போகிறோம் என்பதால் பிறகு மாற்றுவது பெருந்தொல்லை. அதற்கடுத்து நேரம். கடிகாரம் பிழைத்தால் சான்றிதழ்கள் ‘இன்னும் பிறக்காதவை’ அல்லது ‘இறந்துபோனவை’ ஆகிவிடும். பயனர் பட்டியலை வைத்திருக்கும் வழங்கியோடு பேசும்போது, இயல்பமைவில் ஐந்து நிமிட வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளப்படும். எந்தக் கடிகாரத்தைக் கேட்பது என்பதிலும் நமக்கு முழு உரிமை இல்லை. இணையப் பாதுகாப்புக்கான சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, தேசியத் தகவலியல் மையத்தின் கடிகாரத்தையோ, இந்திய நேரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரத்தையோ, அவற்றோடு ஒத்திசைந்த ஒன்றையோ பின்பற்றச் சொல்கிறது. அதே ஆணை வேறொன்றையும் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதன்பின் வழங்கிக்கு மூன்று முகங்கள் வைக்கவேண்டும். நிர்வாகிகளுக்கு ஒன்று, இன்னும் தன்னைப் பதிவுசெய்யாத கருவிகளுக்கு ஒன்று, ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்ட கருவிகளுக்கு ஒன்று. இரண்டாவது முகம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பதிவுசெய்யாத கருவி வந்து விழும் அந்தத் தனி வலையில் முகவரி தருவதும் இந்த வழங்கிதான். வெளியே செல்லும் வழி என்று காட்டப்படுவதும் இதுதான். பெயர்களுக்குப் பொருள் சொல்லும் டிஎன்எஸ்ஸும் இதுதான். அந்த டிஎன்எஸ்ஸிடம் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் தன் முகவரியையே விடையாகத் தரும். எந்தச் சொல்லைத் தேடினாலும் ஒரே பொருளைக் காட்டும் அகராதி! கைப்பேசிகள் இந்தத் தந்திரத்தை எதிர்பார்த்தே வருகின்றன. இணைந்தவுடன் தமக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைத் தட்டிப்பார்க்கின்றன. ஆண்ட்ராய்டு எதிர்பார்க்கும் விடை, 204 என்ற எண்ணோடு வரும் வெற்றுப் பதில். அதற்கு மாறாக வேறேதும் வந்தால் ‘யாரோ நடுவில் நிற்கிறார்’ என்று உணர்ந்து உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கின்றன. இந்த வலையில் தரப்படும் முகவரியின் ஆயுளை மிகக் குறுகியதாக வைக்கவேண்டும். பதிவு முடிந்தவுடன் கருவி பழைய முகவரியை உதறிவிட்டுப் புதிய வலையின் முகவரியைக் கேட்டாகவேண்டும் அல்லவா?

இடையே சான்றிதழ் குறித்து ஒரு வார்த்தை. இதைப் பல வளாகங்களின் மாணவர்கள் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். வைஃபையில் கடவுச்சொல் கொடுக்கும் முன், எதிரே இருப்பது உண்மையான பல்கலைக்கழக வழங்கிதானா என்று கருவி சான்றிதழைக் கொண்டு சோதிக்கவேண்டும். விடுதிச் சுவர்களில் ஒட்டப்படும் அறிவிப்புகளிலோ ‘சரிபார்க்கவேண்டாம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருக்கும். அதைச் செய்தால், அதே பெயரில் போலி அக்சஸ் பாயிண்ட் ஒன்றை எவரேனும் பையில் வைத்துக்கொண்டு உணவகத்தில் அமர்ந்திருந்தால், உங்கள் கடவுச்சொல்லைக் களவாட அவருக்கு வழி திறந்துவிடும். ஆண்ட்ராய்டின் 11ஆம் பதிப்புக்குப் பிறகு அந்தத் தெரிவே பல கருவிகளிலிருந்து நீக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் பல சுவர்களில் அப்படியே இருக்கிறது. இது சோம்பல். வேறு நயமான சொல் என்னிடம் இல்லை.

இனிப் பெயர்கள். வழங்கி எவரையும் தானே அறிந்திருப்பதில்லை; பயனர் அடைவைக் கேட்டே அறியும். எல்டாப் எனப்படும் அந்த அடைவின் தரநிலையில் ‘நபர்’ என்ற வகைக்குக் கட்டாயமான பண்புகள் இரண்டே. ஒன்று, பொதுப்பெயர். மற்றொன்று, குடும்பப் பெயர். கடவுச்சொல் இல்லாமல்கூட ஒருவர் நபராக இருக்கலாம். குடும்பப் பெயர் இல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே படிக்கச் சென்றவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் சுமக்கும் நாம், அந்தக் கட்டத்தில் தந்தையையே எழுதவேண்டியவர்கள் ஆகிறோம். பேராசிரியர்கள் மின்னஞ்சலில் என் தந்தையை விளித்து என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கேட்கிறார்கள். சிலர் அந்தக் கட்டத்தில் முற்றுப்புள்ளி இடுகிறார்கள். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார்கள். எங்கள் அடைவிலும் முற்றுப்புள்ளியைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் உண்டு; ஏற்றுமதி செய்யும்போதெல்லாம் நிரல் அவர்களிடம் தடுக்கி விழும். இத்தனைக்கும் ரேடியஸ் நெறிமுறை பயனர் பெயரை யூனிகோடில் எழுத இடம் தருகிறது. ஒரு பண்புக்கு 253 பைட்டுகள். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். எவ்வளவு நீளமான தமிழ்ப் பெயரும் தாராளமாக அமரும். இடம் இருக்கிறது, இடத்தின் வடிவம்தான் நமக்கானதாக இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் வேடிக்கை. இனி வருவது அப்படியல்ல.

குருக், ஒராவோன் மக்களின் மொழி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கு வங்கம் எனப் பரவியிருக்கும் திராவிட மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். எங்கள் ஆய்வகத்தில் அம்மொழியின் ஒலிப்பதிவுகள் பல உள்ளன. அவற்றுள் சில, முன்னோடி ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவில் பதிந்து, பின்னர் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டவை. அந்தப் பாடல்களைப் பாடிய பெண்களுள் ஒருவர் மறைந்துவிட்டார். அவருடைய மகள், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஆறு வாரங்கள் வளாக விருந்தினர் இல்லத்தில் தங்கி, எங்களோடு அமர்ந்து அப்பாடல்களை எழுத்தாக்கித் தந்தார். நாங்கள் அவரைத் தீதி என்று அழைப்போம். அவர் என்னைப் பேட்டா என்பார். அவருடைய குலப்பெயர் அம்மொழியில் உப்பைக் குறிப்பது. ஒராவோன் குலப்பெயர்கள் இப்படித்தான். நெல், மீன், ஆமை என்று இயற்கையிலிருந்து வருபவை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயர் ஒரு தடங்கலும் இல்லாமல் அமர்ந்தது. என் பெயர் அமராத கட்டம் அது.

அடுத்த கட்டத்தில் நிலைமை தலைகீழானது. பயனர் வகை என்ற பட்டியலில் இருந்தவை நான்கு: மாணவர், ஆசிரியர், அலுவலர், விருந்தினர். நான் மாணவர், நொடியில் முடிந்தது. தீதி விருந்தினர். விருந்தினர் என்றால் அந்த ஏற்பாட்டில் பொருள் இது: நிரந்தர ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, தம் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி ஒப்புதல் தரவேண்டும்; ஒப்புதல் 12 மணி நேரம் செல்லும்; பிறகு மறுபடியும் கேட்கவேண்டும்; வெளி இணையம் மட்டுமே கிட்டும், வளாகத்தின் உள்வழங்கிகள் எவையும் தெரியா. ஒலிப்பதிவுகள் இருப்பதோ ஆய்வு விலானில். ஆகவே போன மாதம் சேர்ந்த முதலாண்டு மாணவர் தம் அறையில் படுத்துக்கொண்டு தீதியின் தாய் பாடுவதைக் கேட்கலாம். தீதி கேட்க முடியாது. பகலில் ஆய்வகக் கணினியில் எங்களில் ஒருவரின் கணக்கில் அமர்ந்து கேட்பார். மாலையில் விருந்தினர் இல்லத்தில், ஐயமுள்ள இரண்டு அடிகளைக் கைப்பேசியில் மீண்டும் கேட்டுப்பார்க்க நினைத்தால் வழியில்லை. நெறியாளர் கருத்தரங்குக்காக வெளிநாடு சென்ற மூன்று நாள்களில் வெளி இணையமும் இல்லை.

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் நூல் வனப்புகளுள் ஒன்றாக அதைச் சொல்வதும் புதிதாய்ப் புனைவது என்னும் பொருளில்தான். புதியவர் என்பதால் விருந்தினர். அந்த ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை வளாகத்தில் புதியவர் யார்? அங்கே பணியாற்றும் எங்களில் எவரும் அந்தப் பாடல்களைப் பிறந்தநாள் முதலாகக் கேட்டு வளர்ந்தவரல்லர்.

இந்த நேரத்தில்தான் வாயிற்பக்கத்தை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. பதிவுசெய்யாதவர் முதலில் காணும் அந்தப் பக்கம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. மென்பொருள் பிற மொழிகளையும் ஏற்கும். சொற்றொடர்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதித் தந்தால் போதும். குருக்கிலும் இருக்கட்டும் என்று நான் கேட்டேன். கணினி மையம் தடை சொல்லவில்லை. எழுத்து எது என்ற கேள்வி எழுந்தது. குருக்குக்கென உருவான தோலோங் சிக்கி எழுத்தை ஜார்க்கண்ட் அரசு முன்பே ஏற்றது. ஆனால் 2025இல் வெளியான யூனிகோடு 17ஆம் பதிப்பில்தான் அது இடம்பெற்றது. பெரும்பாலான கைப்பேசிகளில் வெற்றுக் கட்டங்களே தோன்றும் என்பதால் தேவநாகரியில் எழுத முடிவாயிற்று. மொழிபெயர்க்கத் தகுந்தவர் தீதியே.

முதல் தொடர், ‘எங்கள் வலையமைப்புக்கு நல்வரவு’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர். தீதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதில் எந்த ‘எங்கள்’, பேட்டா?” என்று கேட்டார்.

தமிழில் நாங்கள், நாம் என்று இருப்பதைப் போலவே குருக்கிலும் இரண்டு உண்டு. கேட்பவரை விலக்குவது ஏம். கேட்பவரையும் சேர்ப்பது நாம். ஆம், அதே நாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதப்போவதில்லை; திராவிட மொழிகளில் களப்பணி செய்த எவருக்கும் அது தெரியும். ஆங்கிலம் இந்த வேறுபாட்டைக் காட்டாமலே எழுத இடம் தருகிறது. தேர்வுசெய்யாமலே நல்வரவு கூறிவிடலாம். குருக்கில் முடியாது. ‘ஏம்’ என்று எழுதினால், இது எங்களுடையது, நீங்கள் வந்து போகலாம் என்று பொருள். ‘நாம்’ என்று எழுதினால், உள்ளே நுழையுமுன்பே அவரும் உடையவராகிறார். தீதி கேட்டது இலக்கண ஐயம் அன்று; அம்மொழியை எனக்குக் கற்பித்தவரே அவர்தான். வலையமைப்பின் கொள்கை என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் எவரும் கேட்கவேண்டிய கேள்விதான். அந்தக் கேள்வியை அப்படியே கணினி மையத்துக்கு எடுத்துச்செல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கூட்டத்தில் பொறுப்புப் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன்; அவருடைய மறுப்புகள் உள்ளீடற்றவை அல்ல. விருந்தினர் என்ற வகையை அகலத் திறந்தால் திருமணத்துக்கு வருபவர்களும் ஆய்வு விலானுக்குள் வருவார்கள் என்றார், சரிதான். நாங்கள் கேட்டது வேறு. விருந்தினர் வகையைத் தொடவேண்டாம். ‘மொழிப் பங்காளர்’ என்று ஐந்தாவது வகை ஒன்று வையுங்கள். அதற்கு ஓராண்டுக் காலம், தனி விலான், அதிலிருந்து ஒலிப்பதிவு வழங்கியை மட்டும் எட்ட ஒரே ஒரு வழி. அமைவுப்படி பார்த்தால் இது அரை நாள் வேலை. புதிய வகைக்குப் பெயர் இடவேண்டும். ஸ்விட்ச் ஒவ்வொன்றிலும் அந்த வகைக்குரிய விலான் எண்ணை எழுதவேண்டும். அந்த விலானுக்கு முகவரித் தொகுதி ஒதுக்கவேண்டும். தீச்சுவரில் ஒரு விதி சேர்க்கவேண்டும். ஏற்புச் செய்தியில் வரும் எண் மாறும். மாறுவது அவ்வளவே. ஆனால் ‘இந்தப் பல்கலைக்கழகத்தோடு இவருக்கு என்ன உறவு?’ என்ற கட்டத்துக்கு விடை எழுதும் அதிகாரம் கணினி மையத்துக்கு இல்லை. பதிவாளர் அலுவலகத்துக்கும் அப்படியோர் உறவு தெரியாது. கோப்பு மூன்று மாதங்கள் பயணம் செய்தது.

இதற்கிடையே எங்களுக்குள்ளேயே இன்னொரு விவாதம் எழுந்தது. முன்பு குறிப்பிட்ட 2022 ஆணை, பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ரேடியஸ் பதிவேட்டில் ஒருவர் எப்போது இணைந்தார், எப்போது விலகினார் என்பதோடு, எந்த அக்சஸ் பாயிண்ட் வழியே என்பதும் இருக்கும். அதாவது அவர் எந்த மாடியில், எந்த மணிக்கு இருந்தார் என்பது இருக்கும். களப்பணியில் ஒருவர் குரலைப் பதிவுசெய்யுமுன் ஒப்புதல் கேட்கிறோம். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறோம். பதிந்ததை அழிக்கச் சொன்னால் அழிக்கிறோம். அதே மனிதரின் நடமாட்டத்தை, ஒப்புதல் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லாமல், அடுத்த அறையிலுள்ள வழங்கி ஆறு மாதங்கள் வைத்திருக்கிறது. உள்ளே அழைப்பது கண்காணிப்புக்குள்ளும் அழைப்பதுதான். இதைத் தீதியிடம் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினேன். படிவத்தில் இரண்டு பத்திகள் இந்தியிலும் குருக்கிலும் சேர்த்தோம். 180 நாள்கள் முடிந்தபின் தானாக அழியும்படி நிரல் எழுதினோம். சட்டம் கேட்பது அவ்வளவே. அதற்குமேல் வைத்திருக்க எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. படிவத்தை வாசித்துவிட்டுத் தீதி கேட்டது ஒன்றே: “உன்னுடையதையும் இப்படித்தானே வைத்திருக்கிறது?” ஆம் என்றேன். கையொப்பமிட்டார்.

நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. இதே பணியில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். விருந்தினர்களுக்கும் பங்காளர்களுக்கும் நாங்கள் கருவியின் மேக் முகவரியைக் கொண்டே பதிவுசெய்கிறோம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. சிலவற்றில் வலையை ‘மறந்துவிடு’ என்று அழுத்தி மீண்டும் சேர்ந்தால் புதுமுகவரி பிறக்கும். புனைமுகவரியை இனங்காண்பது எளிது: பதினாறடிமான எண்முறையில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். பயனரின் தனிமைக்கு இது நல்லது. எவரும் இதை அணைக்கச் சொல்லவேண்டியதில்லை. பங்காளர்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து 802.1எக்ஸ் வழியே நுழையவிடுவதே முறை. நாங்களும் இப்போது அதற்கு மாறிவருகிறோம்.

ஐந்தாவது வகை இப்போது இருக்கிறது. பெயர் மட்டும் அலுவலகத்தின் விருப்பப்படி ‘வெளிப்புற வல்லுநர்’ ஆகிவிட்டது, நான் வாதாடவில்லை. தீதி இரண்டாம் முறை வந்தபோது விருந்தினர் இல்லத்திலிருந்தே பாடல்களைக் கேட்டார். ஐயத்துக்குரிய இரண்டு அடிகளுள் ஒன்று தெளிவாயிற்று. நாங்கள் ஒரு சொல் என்று எண்ணியிருந்தது இரண்டு சொற்கள். மற்றொன்று இன்னும் புரியவில்லை. நாடாவே அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்கிறார்.

வளாகத்தின் எல்லையைத் தாண்டினால் இவை எவையும் செல்லா. தீதி ஊருக்குத் திரும்பியதும் அவருடைய ஏற்புச் செய்திக்கு மதிப்பில்லை. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 2025 ஜனவரி முதல் நமக்குக் கிடைப்பதும் நிறுவனம் ஒன்றின் உள்ளே இருப்பதால்தான். எந்த நிறுவனத்தையும் சேராதவருக்கு அங்கும் கட்டம் இல்லை. எர்னெட் இந்தியா நடத்தும் எடுரோம் வசதி ஊர்விட்டு ஊர் சென்றாலும் இணைப்புத் தரும். ஆனால் அதற்கும் முதலில் ஒரு தாய்நிறுவனம் வேண்டும். ஆகவே ஒலிப்பதிவுகளின் முழுப் படியை ஒரு வன்வட்டில் ஏற்றித் தீதியிடம் கொடுத்தனுப்பினோம். அதற்கு எந்த வழங்கியின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. துறைத்தலைவரின் கடிதம் ஒன்று போதுமானதாயிற்று.

வாயிற்பக்கத்தின் முதல் தொடரில் தீதி ‘நாம்’ என்ற வடிவத்தையே எழுதினார். அலுவலகத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. ஆகவே திருத்தமும் வரவில்லை. அவருடைய கணக்கு வரும் மார்ச் 31 அன்று காலாவதியாகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் பொறுப்பேற்கும் நிரந்தர ஆசிரியர் என்ற இடத்தில் கையொப்பமிடும் எங்கள் நெறியாளர் அதே மாதம் ஓய்வுபெறுகிறார். வேறு பல்கலைக்கழகங்களில், மொழி பேசுவோருக்கோ களப்பணிப் பங்காளர்களுக்கோ இப்படியொரு நிலையான பயனர் வகை இருந்தால், எந்த விதியின்கீழ் வைத்திருக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பிப்ரவரிக்குள் தெரிந்தால் கோப்பில் சேர்த்துவிடலாம்.